மணமாகாதவர்

சுகிர்தம் தீப்பெட்டிக் கம்பெனி வேலை முடிந்து திருவொற்றியூரிலிருந்து வீடு திரும்பியபோது, கொழும்பில் இருக்க வேண்டிய அவள் கணவர் ராயபுரத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே மகள் ரஞ்சிதம். அவர் உருவிப் போடுகிற இலைகளுக்குள் விழுந்த காம்புகளை முகம் கோணாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம், அதுவும் கிறிஸ்துமஸுக்கு மட்டுமே வருகிறவர் தேவப்பிரியம். இதுவோ சித்திரை. தார் ரோடு இளகிச் செருப்பில் ஒட்டுகிற வெயில்.

"என்ன, சொல்லாம கொள்ளாம?" என்றாள்.

"லீவு கெடச்சுது. வந்துட்டேன்" என்றார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சும்மா வருகிற மனிதர் இல்லை, வாயைத் திறக்கும்போது திறக்கட்டும் என்று கைகால் கழுவப் போனாள்.

அது ஐம்பத்தொன்றாம் வருஷம். கல்யாணமான மறுவருஷமே, சித்தப்பா மகன் ராசையா கூப்பிட்டான் என்று கொழும்புத் துறைமுகப் பட்டறைக்குப் பிட்டர் வேலைக்குப் போனவர் தேவப்பிரியம். கையோடு சுகிர்தத்தையும் அழைத்துப் போவதாகத்தான் ஏற்பாடு. அந்த மாதம் பார்த்து மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. மாமியார் படுக்கையில் கிடந்த காலத்தில் யுத்தம் வந்து, கொழும்பில் குண்டு விழுந்து, இங்கே மெட்ராசும் பாதி காலியானது. ஒரு வழியாக மாமியார் கண்ணை மூடியபோது ரஞ்சிதம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சுகிர்தத்துக்குக் கம்பெனியில் வேலை நிலைத்திருந்தது. வா என்று அவரும் அழுத்திச் சொல்லவில்லை, வருகிறேன் என்று இவளும் அழுத்திச் சொல்லவில்லை. வருஷங்கள் அப்படியே போய்விட்டன. அவர் பேச்சில் திருநெல்வேலி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து கொழும்பு ஏறியது. "ஆமா" என்கிற இடத்திலெல்லாம் "ஓம்" என்பார். பக்கத்து வீட்டுக் குப்பம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பாள். "இன்னாக்கா, ஒங்க வூட்டுக்காரரு கோயில் அய்யரு மாரி ஓம் ஓம்ன்னுகினு கீறாரு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ரஞ்சிதம் ஓய்வுநாள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் கோயில் வளாகத்துப் பூவரச மரத்தடியில் வைத்து அவர் வாயைத் திறந்தார்.

"அங்க புதுசா சட்டம் வந்திருக்கு, சுகிர்தம். அந்த நாட்டுப் பிரஜைன்னு பதிஞ்சவனுக்குத்தான் இனிமே வேலை. மத்தவங்கள ஒவ்வொருத்தரா நிறுத்துதாங்க. வர்ற ஆகஸ்டோட மனு வாங்குறது முடிஞ்சிரும்."

"அப்ப போட வேண்டியதுதானே?"

"போட்டாச்சு." கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணமானவன்னா பொண்டாட்டி பிள்ளையும் இத்தன வருஷமா அங்கேயே இருந்திருக்கணுமாம். இல்லைன்னா தள்ளிருவாங்க."

"நீங்க என்னன்னு போட்டீங்க?"

"கல்யாணம் ஆகலைன்னு."

கோயிலுக்குள் யாரோ பெஞ்சுகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. சுகிர்தம் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். "அங்க வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"என் அம்மா மேல ஆணை. யாரும் இல்ல."

அவள் நம்பினாள். நம்பியதுதான் கஷ்டமாகப் போயிற்று. யாராவது இருந்திருந்தால் தெருவில் நின்று கத்தியிருக்கலாம், பாதிரியாரிடம் போயிருக்கலாம், அழக்கூட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

"நான் செத்துப்போய்ட்டேன்னு எழுதியிருக்கலாமே."

"எழுதத்தான் உக்காந்தேன். கை வரல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

தன் அன்புக்குச் சாட்சியாகத்தான் அவர் அதைச் சொன்னார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் மனசு வேறு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. செத்துப்போனவளாவது ஒரு காலத்தில் அவருக்கு மனைவியாக இருந்தவள். இவள் இருந்ததே இல்லை என்றல்லவா ஆகிவிட்டது.

"வேலை போனா போகட்டும். இங்க வந்துடுங்க."

"இங்க வந்து யார்ட்டப் போயி நிக்க? நாப்பத்தஞ்சு வயசுல எவன் வேல குடுப்பான்? அங்க பட்டறைக்குள்ள போனா சிங்களப் பையன்கூட எந்திரிச்சு நிக்கான். தெருவுல பீடிக் கடைக்காரன் வரைக்கும் என்னத் தெரியும். இந்தத் தெருவுல என்ன உன் வீட்டுக்காரன்னு மட்டுந்தான் தெரியும்." சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல நிறுத்தினார். அப்புறம் குரலை இறக்கி, "யாராவது வந்து விசாரிச்சா தூரத்துச் சொந்தம்னு சொல்லிரு. எல்லாம் காயிதத்துலதான். நமக்குள்ள என்ன மாறப்போவுது?" என்றார்.

அந்த வாரமே திரும்பிப் போய்விட்டார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அடிக்கடி வந்துபோவதைப் பார்த்தால் சந்தேகப்படுவார்கள் என்று லீவில் வந்த ராசையா மூலம் சொல்லி அனுப்பினார். கடிதங்கள் குறைந்தன. ரஞ்சிதம் கேட்கும்போதெல்லாம் வேலை அதிகம் என்று சுகிர்தம் சொல்லிவைத்தாள். சிறு பெண்ணிடம் இதையெல்லாம் எப்படி எடுத்துச் சொல்வது? வளரட்டும் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்ட விஷயம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

வந்தவர் பக்தவச்சலம் என்று பெயர் சொன்னார். தாலுகா ஆபீசாம். ஒல்லியான, நடந்து களைத்த மனிதர். குப்பம்மா அப்போது வாசற்படியில் உட்கார்ந்து மீன் கூறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"தேவப்பிரியம்னு கொழும்புல ஒருத்தர். அவருக்கு இந்த விலாசத்துல சம்சாரம் இருக்கறதா யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க. அங்கேர்ந்து கேட்டிருக்காங்க, அதான் விசாரிக்க வந்தேன்."

"கொய்ம்பா? அப்டி ஆரும் இங்க இல்ல சார். நீ வேற தெரு பாத்துக்க" என்றாள் குப்பம்மா, கையிலிருந்த சங்கராவைப் பார்த்தபடியே. அவளிடம் சுகிர்தம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

பக்தவச்சலம் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நிமிர்ந்தால் நேர் எதிரே சுவரில் கல்யாணப் போட்டோ. கோட்டுப் போட்ட தேவப்பிரியம், முக்காடு போட்ட சுகிர்தம், இருவர் முகத்திலும் பயம். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, ஸ்டூலைத் திருப்பிப் போட்டுப் போட்டோவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க சொல்றத எழுதிக்கிட்டுப் போறதுதாம்மா என் வேலை. யோசிச்சுச் சொல்லுங்க. அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தூரத்துச் சொந்தம்" என்றாள் சுகிர்தம். "எப்பவாச்சும் வந்துட்டுப் போவாரு."

சொல்லி முடித்தபோதுதான் சமையலறை நிலையருகே தண்ணீர்ச் செம்போடு ரஞ்சிதம் நிற்பதைப் பார்த்தாள். அவள் வந்து, செம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"இந்தப் பொண்ணு?"

"என் பொண்ணு."

"தகப்பனார்?"

இந்தக் கேள்வி வரும் என்று தேவப்பிரியமும் நினைத்திருக்கவில்லை, சுகிர்தமும் நினைத்திருக்கவில்லை. "இல்ல" என்றாள். அதற்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனைக்கும் இடம் விட்டு, பக்தவச்சலம் எதையோ எழுதிக்கொண்டார். செம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுக்கக் குடித்தார். "வரேம்மா" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில், "அப்ப நான் யாரு?" என்று ரஞ்சிதம் கேட்டாள்.

சுகிர்தம் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டம், மனு, பட்டறை, பூவரச மரத்தடிப் பேச்சு. பெண் கேட்டு முடித்து, "உண்மையச் சொல்லியிருந்தா அவருக்கு வேலை போயிருக்கும், அவ்ளோதானே? இங்க வந்திருப்பாரு. நம்மளோட இருந்திருப்பாரு" என்றாள்.

"ஆமா."

"அப்பறம் ஏன் பொய் சொன்ன?"

அவருக்காகத்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல முடியவில்லை. வேலை போன மனிதர் ஒருவர் இந்தக் கூடத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. பட்டறையை நினைத்து ஏங்கிக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டு, தன்னை இங்கே இழுத்தது யார் என்று ஒரு நாளும் கேட்காமல். இன்னொன்றும் இருந்தது. காலையில் எழுந்து, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி வேலைக்குப் போய், தன் இஷ்டத்துக்குத் திரும்பி வருகிற இந்த வாழ்க்கை அவளுக்குப் பழகியிருந்தது. பழகியிருந்தது மட்டுமில்லை, பிடித்தும் இருந்தது. பொய் சொன்னது யாருக்காக என்று அன்றைக்கு அவளுக்கே தெளிவாகவில்லை.

தேவப்பிரியம் இலங்கைப் பிரஜையானார். ஐம்பத்தாறில், மாசி மாதம் கடல் காற்று இதமாக அடிக்கிற நாளில், புதுப் பாஸ்போர்ட்டோடு ராயபுரத்துக்கு வந்தார். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. ரஞ்சிதம் அதற்குள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுப் பயிற்சிக்குச் சேர்ந்து, அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாள். வெள்ளைச் சேலையோடு வந்து அவரைப் பார்த்தாள். "வாங்க. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்றாள். நோயாளியைப் பார்க்க வந்த உறவினரிடம் பேசுகிற குரல். அவள் போன பிறகு தேவப்பிரியம் வெகுநேரம் மேல்துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்து போய் மணலில் உட்கார்ந்தார்கள்.

"தனுஷ்கோடியில கேட்டாங்க, இந்தியாவுல யார் வீட்டுக்குப் போறீங்கன்னு" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"தூரத்துச் சொந்தம்னு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் தள்ளி, குப்பம்மாவின் புருஷன் தேசப்பனும் ஆட்களும் கரைவலையின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்" என்றார் தேவப்பிரியம். "இப்ப நான் அந்த நாட்டுக்காரன். கல்யாணம் ஆகாதவன். அப்படிப்பட்டவன் இந்தியாவுல பொண்ணெடுத்துக் கூட்டிட்டுப் போகலாம். தடை இல்ல, விசாரிச்சுட்டேன். நாம திரும்ப ஒருக்கா கல்யாணம் பண்ணிக்கிடுவமா?"

சுகிர்தம் அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க அடக்க வந்தது, கண்ணில் நீர் வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

"ரஞ்சிதத்துக்கு என்ன வழி?" என்றாள், மூச்சு வாங்கி.

"அதையும் கேட்டுட்டேன். தத்து எடுத்துக்கிடலாமாம்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"வேடிக்கைக்குச் சொல்லல, சுகிர்தம். அன்னைக்கு மரத்தடியில நான் சொன்னேன், நமக்குள்ள ஒண்ணும் மாறாதுன்னு. மாறிட்டு. ராத்திரி அறைக்குப் போனா, யாரும் இல்லாத ஆளாவே ஆயிட்டேன். எழுதிக் குடுத்ததுதான் நெசமாப் போச்சு."

"நான் என்னன்னு எழுதிக் குடுக்கணும்?"

"கன்னின்னு."

"அப்பறம்?"

"அப்பறம் நீயும் அந்த நாட்டுக்காரி ஆயிருவ."

அவள் கடலைப் பார்த்தாள். துறைமுகத்துக்குள் நுழைய முறை வராத கப்பல் ஒன்று தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. முதல் கல்யாணத்தில் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பாவும் அவருடைய அப்பாவும் பேசி முடித்தார்கள். பாதிரியார் கேட்டபோது சொல்ல வேண்டிய பதிலைக்கூடப் பின்னாலிருந்த அத்தைதான் காதில் சொல்லிக்கொடுத்தாள். இப்போது நரைத்த மனிதர் ஒருவர், கேள்வியைக் கேட்டுவிட்டு, அவள் பதிலுக்காகப் பரீட்சை எழுதிய பையனைப் போலக் காத்திருக்கிறார். வர மாட்டேன் என்றும் சொல்லலாம். சொல்லலாம் என்பதே புதிதாக இருந்தது. கம்பெனி, குப்பம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சேலையோடு வந்து மடியில் தலை வைத்துப் படுக்கிற மகள் என்று ஒரு பக்கம் சேர்ந்துகொண்டே போனது. மறுபக்கத்தில் இந்த மனிதர் மட்டும் இருந்தார். ஒரே ஆள்தானே என்று ஒதுக்கவும் முடியவில்லை.

"ரஞ்சிதத்துக்கிட்டயும் நீங்கதான் கேக்கணும்" என்றாள்.

"கேக்கேன்."

"என்கிட்ட கேட்ட மாதிரியே கேக்கணும்."

"ஓம்" என்றார்.

அதற்குள் தேசப்பன் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "மாமு, அங்க குந்திகினு இன்னா பண்ற? வந்து ஒரு கை புடி. வலை கனமா கீது."

தேவப்பிரியம் அவளைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்து, நனையாமல் இருக்கட்டும் என்று அவளிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர மணலில் தடுமாறி நடந்து போய், இரண்டு ஆட்களுக்கு நடுவே கயிற்றைப் பிடித்தார். பழக்கமில்லாத கை. முதல் இழுப்பில் கால் வழுக்கியது. பின்னாலிருந்தவன் தோளால் முட்டுக் கொடுத்து நிறுத்தினான்.

சுகிர்தம் எழுந்து நின்றாள். ஒரு கையில் பூட்ஸ், ஒரு கையில் பாஸ்போர்ட். ஊருக்குப் பின்னால் இறங்குகிற வெயில் அவர்கள் எல்லோருடைய முதுகிலும் விழுந்தது. அலை ஒன்று இடுப்புவரை வந்து மோத, அவருடைய வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கயிறு விறைத்து, எல்லோரும் ஒன்றாகப் பின்னுக்குச் சாய்ந்தார்கள். இன்னும் வலை கண்ணுக்குத் தெரியவில்லை. கயிறு மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து, சொட்டச் சொட்ட, கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது.