ஐஸ் போட்ட மென்பவளம்

என் வீட்டுக்காரர் ரகுபதிக்குக் கடலிலிருந்து எது வந்தாலும் கை தானாக ஐஸுக்குப் போய்விடும். விசைப்படகில் வேலை, மீன் கெட்டுவிடுமோ என்ற பயம் ரத்தத்தில் ஊறியது. அதற்காக, உயிரோடு வேண்டும் என்று மகள் கேட்டதற்குமா?

எங்கள் மோகனப்ரியா கல்லூரியில் கடல் உயிரியல் கடைசி வருஷம் படிக்கிறாள். மென்பவளம் என்பது கல்லாக இறுகாத, மெத்தென்ற பவள உயிர்; அதன் உடம்புக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வலையில் மாட்டி வந்தால் காசிமேடு துறைமுகத்தில் குப்பையோடு தள்ளிவிடுகிற பொருள் அது. முன்பு அவர் கொண்டுவந்தவை எல்லாம் வீடு வருவதற்குள் அழுகிப்போயின. மறுநாள் தேர்வாளர் வருகிறார். அந்த ஓட்டத்தை வீடியோ எடுத்துக் காட்டாவிட்டால் வருஷமே போய்விடும். இந்த மனுஷர் என்னடாவென்றால், வாளியில் கடல்தண்ணீரோடு அதை எடுத்துவந்து, மேலே ஐஸை அள்ளிக் கொட்டியிருந்தார்.

"இன்னா நைனா இது?" அவள் குரல் உடைந்துவிட்டது.

"கெட்டுப்பூடும்னு போட்டேம்மா."

"உசுரோட கீறது எப்டிய்யா கெட்டுப்பூடும்? மூள கீதா உனுக்கு?" என்று நான் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் வாளியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அவர் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மோகனப்ரியா அதை ஐஸிலிருந்து எடுத்துக் கண்ணாடித் தொட்டியில் வைத்தாள். நனைந்த துணியாகத் துவண்டு கிடந்தது. செத்தேபோச்சு என்று நினைத்தேன். சாயங்காலம் பார்த்தால், ஐஸ் படாத பாதி பூரி மாதிரி உப்பியிருக்கிறது! ரோஜா நிறத்தில் எத்தனை வாய்கள்! ஒவ்வொரு வாயைச் சுற்றியும் எட்டு விரல். ஐஸ் பட்ட பாதி மட்டும் இறுக மூடிக்கொண்டிருந்தது.

மகள் விளக்கை அணைத்தாள். திறந்திருந்த ஒரு வாயருகே நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும் சாயம் ஒரு சொட்டு விட்டு, நீல டார்ச்சை அடித்தாள். பச்சை வெளிச்சம் அந்த வாய்க்குள் இறங்கியது. நூலாகத் தண்டுக்குள் போனது, கிளை பிரிந்தது, பக்கத்து வாய்க்கு ஏறியது.

"இதயம் எங்கடி கீது?" என்றேன்.

"இதுக்கு இதயமே கெடையாதும்மா. வாயிக்குள்ள சின்னச் சின்ன ரோமம் அசஞ்சி தண்ணிய உள்ள தள்ளுது. அல்லா வாயிக்கும் உள்ளுக்குள்ளயே குழா சேந்துகீது."

அடேயப்பா! இதயமில்லாமல் ஓடுகிறதே! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

பச்சை மெல்ல நகர்ந்து, ஐஸ் பட்ட பாதிக்குள் நுழைந்தது. சுருங்கிக் கிடந்த கிளை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. மோகனப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். மூடியிருந்த வாய்களில் ஒன்று அசைந்தது. எட்டு விரலும் விரிந்தன.

"நைனா! உள்ள வா, சீக்கிரம்!"

அவர் தயங்கித் தயங்கி வந்து கண்ணாடியருகே குனிந்தார்.

"நான் ஐஸு போட்ட பக்கமா இது? இதான் மூடிக்கினு கெடந்திச்சே. இதுக்குத் தண்ணி எப்டி வந்திச்சி?"

"அந்தப் பக்கத்து வாயிங்க குடிச்ச தண்ணி நைனா. அதான் இத்தத் தூக்கி நிறுத்துது."

அவர் தரையில் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். புயலில் படகு கவிழ்ந்து கரையேறியபோதுகூட அழாத மனுஷர். திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோனது. அவர் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன்.