எண்ணெய் போட்ட பூட்டு

என் வீட்டுக்காரர் எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார்; தன் வாயைத் திறக்க மட்டும் அவருக்கு வராது. கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவது, பேரம் பேசுவது, தேவைப்பட்டால் சண்டைக்கு நிற்பது எல்லாம் என் பாடு. அதனால்தான் சாதாரண உடுப்பில் இரண்டு போலீஸ் அதிகாரிகள் வந்து நின்றபோதும் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

அவர்களில் நெட்டையானவர்தான் பேசினார். அடுத்த தெரு மாடி வீட்டைச் சத்தமில்லாமல் திறந்துவிட வேண்டும். அவர்கள் உள்ளே போய் வந்ததும், திறந்த சுவடே தெரியாமல் பூட்டிவிட வேண்டும். வெளியே மூச்சு விட்டால் சிறை.

"அது தையல்கார அக்கா வீடாச்சே சார்?" என்றேன்.

"ஒரே வருஷத்துல மூணு வீடு மாத்தியிருக்காங்க. போன் நம்பரை மாத்திக்கிட்டே இருக்காங்க. பட்டப்பகல்லயும் ஜன்னல் திரையை விலக்கறதில்ல. ஒண்ணும் இல்லாதவங்க எதுக்கும்மா இப்படி ஒளிஞ்சு வாழணும்?"

குண்டு வைக்கிற கும்பலோடு அக்காவுக்குத் தொடர்பு இருக்குமோ என்று அவர்களுக்குச் சந்தேகமாம். ரயில் நிலையத்தில் குண்டு வெடித்த அன்று என் தம்பி டிக்கெட் வரிசையில் நின்றிருந்தான். இப்போது ஒரு கால் இல்லாமல் எங்கள் வீட்டில் படுத்துக் கிடக்கிறான். அந்தக் குண்டை வைத்தவனும் யாருக்கோ நல்ல பக்கத்து வீட்டுக்காரனாகத்தானே இருந்திருப்பான். அவன் பேசியதை முன்பே யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால் என் தம்பி இன்று நடந்துகொண்டிருப்பான். இதை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும்.

"போயிட்டு வாங்க," என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அக்கா தைத்த துணிகளைக் கொடுக்கக் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்துப் போனார்கள். திரும்பி வந்து கை கழுவும்போது, அதிசயமாக அவராகவே பேச்சை ஆரம்பித்தார்.

"பாவம், அந்தக் கதவு கீல் தளர்ந்து இறங்கிப் போயிருக்கு. தூக்கிப் புடிச்சாத்தான் சாவியே திரும்பும். அவங்க உள்ள இருந்த நேரம் நான் சும்மாதானே வெளிய நின்னேன். திருகாணியை முடுக்கி, பூட்டுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுட்டு வந்தேன்."

"ஊருக்கு உழைச்சே தேயுங்க. அதுக்குத் தனியாக் கூலி கேட்டீங்களா?" என்றேன்.

சிரித்தார். சுவடு தெரியக் கூடாத வேலையில் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. பழுதான பூட்டைப் பழுதாகவே விட்டுவிட்டு வர எங்கள் தொழிலில் யாருக்கும் கை வராது.

மறுநாள் காலை அக்கா ஒரு பெரிய பையோடு கடைக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"இருக்கறதுலயே நல்ல பூட்டா ஒண்ணு குடும்மா. மெஷினை உள்ள வெச்சுப் பூட்டிட்டு ஊரை விட்டுப் போறேன். அப்புறமா யாரையாவது அனுப்பி எடுத்துக்கறேன்."

"என்னக்கா திடீர்னு?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பூட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யாரோ என் வீட்டுக்குள்ள வந்துட்டுப் போயிருக்காங்க. தோளால முட்டுக் குடுத்துத் திறக்கிற கதவும்மா அது. நேத்து சாவியைப் போட்டதும் வழுக்கிக்கிட்டுத் திறக்குது. ஒரு பொருள் காணாமப் போகல. திருடன்னா சும்மாவா போவான்? இது அவன்தான். என்னைக் கட்டினவன்."

எனக்குப் பின்னால் வீட்டுக்காரர் அரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

அக்காவின் இடது கைச் சுண்டுவிரல் கோணலாக இருக்கும். மெஷினில் மாட்டிக்கொண்டது என்று நான் நினைத்திருந்தேன். அவன் கதவிடுக்கில் வைத்து நசுக்கியதாம். "எங்க போனாலும் மோப்பம் புடிச்சு வந்துடறான். வீட்டை மாத்தினேன், நம்பரை மாத்தினேன், வெளிச்சம்கூட வராம மூடிக்கிட்டு உக்காந்தேன். இந்தத் தடவை சிக்கினா உயிரோட விட மாட்டான்."

நெட்டையர் அடுக்கிய ஒவ்வொன்றுக்கும் காரணம் என் எதிரே நின்றுகொண்டிருந்தது. இன்று இவள் ரயில் ஏறினால், விஷயம் தெரிந்து தப்பி ஓடுகிறாள் என்றுதானே நினைப்பார்கள்? அடுத்த நிலையத்தில் இவள் கையில் விலங்கு விழும். உண்மையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் கையில் விழும். இன்னொன்றும் தோன்றியது. இவள் சொல்வது எல்லாம் பொய்யாக இருந்தால்? இவளை நம்பி வாயைத் திறந்து, நாளைக்கு இன்னொரு குண்டு வெடித்தால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பேன்?

அப்போது கடை வாசலில் போன யாரோ ஒரு ஆள் செருமினான். அக்காவின் உடம்பு தூக்கிப்போட்டது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள். அப்படி நடிக்க யாராலும் முடியாது.

"உங்க வீட்டுக்காரர் வரலம்மா. நான்தான் திறந்தேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் காலை மிதிக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டேன். அவர் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அவன் வரலையா?" என்று அக்கா இரண்டு தடவை கேட்டாள். பெரிதாக ஒரு மூச்சு வந்தது. அப்புறம், "என்ன வெச்சாங்க?" என்றாள்.

"தெரியலம்மா. பேசறதைக் கேக்கற கருவியாத்தான் இருக்கும்."

"பயப்படாதீங்கக்கா. தப்பு ஒண்ணும் இல்லன்னா கொஞ்ச நாள் கேட்டுட்டு அவங்களே விட்டுடுவாங்க," என்றேன். சொல்லும்போதே என் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை.

அவள் பூட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இது வேண்டாம்மா. இப்ப ஓடினா என்னையும் புடிப்பாங்க, உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டு உங்களையும் புடிப்பாங்க. நான் வீட்டுக்கே போறேன்."

அவள் வீட்டைத் திறந்துகொடுத்தது நாங்கள். அவள் எங்களுக்காகக் கவலைப்படுகிறாள். எனக்கு அவமானமாக இருந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"நேத்து ராத்திரி மேஜையைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு, கத்திரியைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் வந்துட்டான், என்னைக் கொல்லப் போறான், யாராவது வாங்கன்னு வாய்விட்டு அழுதேன். அதைக் கேட்டிருப்பாங்கதானே?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"கேட்டிருப்பாங்கக்கா."

"ஒருத்தர்கூட வரலையேம்மா," என்றாள்.