பூஞ்சண நெல்

சொர்ணத்துக்குக் காசநோய் வந்து குணமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த மழைக்காலத்தில் பூந்தமல்லி நெல் கிடங்கு ஒன்றில் அவள் சலிக்கும் வேலை பார்த்தாள். கூரை ஒழுகி நனைந்த மூட்டைகளில் பச்சைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதைச் சலித்து நல்ல நெல்லோடு கலக்கச் சொன்னார் மேனேஜர் மணவாளன். எழும்பும் தூசியில் பெண்களின் புருவமெல்லாம் பச்சையாகும்.

ஐப்பசியில் அவளுக்கு இருமலோடு ரத்தம் வந்தது.

"பழைய சீக்கு திரும்பிகீது. மத்தவங்களுக்கு ஒட்டிக்கும், இனிமே வராதே" என்று மணவாளன் நிறுத்திவிட்டார்.

அவள் குடியிருந்த பாரிவாக்கத்தில் ஊரார் அவளைக் கிணற்றண்டை விடவில்லை. புருஷன் லோகநாதன், ஐந்து வயது மகளைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

மார்கழியில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஜானகிராமன் எக்ஸ்ரே எடுத்தார். சளியை மூன்று தடவை பரிசோதித்தார்.

"காசக் கிருமி இல்லைம்மா. பழைய காசம் நுரையீரல்ல ஒரு பொந்தை விட்டுட்டுப் போயிருக்கு. அதுக்குள்ள பூஞ்சணம் உருண்டையா வளர்ந்திருக்கு. எங்கே வேலை பார்த்தே?"

சொன்னாள். டாக்டர் முகம் சிவந்தது. "உன்னை அங்கே உள்ளயே விட்டிருக்கக் கூடாது. இதுக்கு இன்னும் சரியான மருந்து கிடையாது."

"கொயந்தைக்கு ஒட்டுமா?"

"யாருக்கும் ஒட்டாது."

இரண்டு மாதம் மகளைத் தொடாமல் கிடந்தது வீண். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கிடங்குக்குப் போனாள்.

"எனுக்குக் காசம் இல்ல. உன் நெல்லுல கீற பூஞ்சணந்தான் என் நெஞ்சுல கீது" என்றாள் மணவாளனிடம்.

"எங்கயோ வாங்கிகினு வந்து என் தலையில கட்டறியா?"

"சீக்கு வந்தவன்னு சொல்லிட்டுத்தானே சேந்தேன்? மூக்கைக் கட்டிக்கத் துணி கேட்டா, தூசி ஒண்ணும் பண்ணாதுன்னு சிரிச்சியே."

ஒரு சல்லடை நிறையப் பச்சை நெல்லை அள்ளி, அவர் மேஜைமேல் பிடித்துச் சலித்தாள். மணவாளன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"ஒண்ணும் பண்ணாதுன்னியே. இப்போ இன்னாத்துக்குப் பொத்திகினே?"

சலித்துக்கொண்டிருந்த கன்னியம்மாள் எழுந்தாள். அவள் பின்னால் மற்ற ஏழு பேரும் வெளியே வந்தார்கள். மூன்று நாள் யாரும் உள்ளே போகவில்லை. நான்காம் நாள் முதலாளி வந்து அழுகிய மூட்டைகளைக் கொளுத்தச் சொன்னார். சொர்ணத்தை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை.

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். லோகநாதனோடு மாசி வரைக்கும் பேசவில்லை.

அடுத்த ஆடியில் ரத்தம் நிற்காமல் வந்து சொர்ணம் செத்துப்போனாள். காசத்தில் போய்விட்டாள் என்றுதான் ஊர் சொன்னது. அப்படிச் சொன்னவர்களோடெல்லாம் லோகநாதன் சண்டைக்குப் போனான்.