வண்டி நகரவே இல்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று நீங்கள் சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானத்தை எனக்கு நானே நிறைய தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சொல்வது மூன்றே வார்த்தையில் முடிந்த பொய். பதினான்கு வருடத்துக்கு முன், ஒரு பட்டறையில், பத்துப் பேர் நடுவில் சொன்னது. அதற்கு வருவதற்குள் நான் எத்தனை சுற்றுச் சுற்றப் போகிறேன் என்று பாருங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கொட்டகைக் கதவைத் திறந்தபோது, தூசிப் போர்வைக்குள் ஒரு சிவப்புச் சிறுத்தை உறங்கிக்கொண்டி—"

சிறுத்தையாவது பூனையாவது. அது காற்றுப்போன நாலு டயர்மேல் உட்கார்ந்திருந்த இரண்டு கதவுக் கார். டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் கார். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், ஆசை ஆசையாக வாங்கி, ஒன்றரை வருடம் ஓட்டி, கெட்டுப்போனதும் கோபத்தில் பூட்டிவைத்தது. போன வருடம் போன் செய்தார்.

"கொட்டகையை இடிக்கப் போறேன். அந்தச் சனியன் வேணும்னா எடுத்துட்டுப் போ. இல்லன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்."

"நான் எடுத்துக்கறேன் அத்தான்" என்றேன். அவ்வளவு வேகமாக நான் எதற்கும் பதில் சொன்னதில்லை.

2

முன்சக்கரம் இரண்டும் பிரேக்கோடு துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தன. இழுவை வண்டிக்காரர் சுத்தியலால் தட்டித் தட்டி ஒன்றை விடுவித்தார். மற்றது மசியவில்லை. அதன் அடியில் ஒரு பலகையைச் செருகி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, அப்படியே சறுக்க வைத்து மேலே ஏற்றினோம்.

"வீட்டுக்கா சார், பழைய இரும்புக்கா?"

"வீட்டுக்குத்தான்."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. வாசலில் நின்ற என் மனைவி வண்டியை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தாள். "ஓடாததுக்கு இந்த வீட்ல நீங்க ஒருத்தர் போதாதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காற்று வடிகட்டிக்குள் எலி குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. பெட்ரோல் டாங்கிலிருந்து பழைய வார்னிஷ் நாற்றம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், அத்தானின் முத்து முத்தான கையெழுத்தில், ஒட்டிய சீட்டு ஒன்று இன்னும் இருந்தது: 'அணைக்கும் முன் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடவும்.'*

சீட்டை நகத்தால் உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், அழுக்காக இருந்தது என்று சொல்லியிருப்பேன்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்திலேயே சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சின்னக் காற்றாடி. நெருப்பாகக் கொதிக்கும். அதன் தண்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்தான் காவல். அடித்து ஓட்டிவிட்டு உடனே அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும். நின்ற எண்ணெய் உள்ளேயே வெந்து கரியாகும். பழைய டர்போ வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் இது அரிச்சுவடி.

3

இனி தள்ளிப்போட முடியாது.

அத்தானும் அக்காவும் ஒரு வாரம் வெளியூர் போனார்கள். தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லி என்னிடம் சாவி தந்தார்கள். போவதற்கு முந்தின நாள்தான் வண்டி பட்டறையில் எண்ணெய் மாற்றி வந்திருந்தது.

[முதல் வரைவில் இந்த இடத்தில் ஒரு காவலாளி வருவார். அவர்தான் வண்டியைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டுவார். மூன்று பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்தது. படித்துப் பார்த்தபோது கை நின்றது. நிஜத்தில் ஒரு வேலைக்காரர் தலையில் கட்டினேன். கற்பனையிலும் இன்னொரு வேலைக்காரரைத் தேடிப் பிடித்திருக்கிறேன். மூன்று பக்கத்தையும் கிழித்தேன்.]

ஒரு நாள் வண்டியை நான் எடுத்தேன்.

[ஒரு நாள் இல்லை. ஆறு நாள்.]

புறவழிச் சாலையில் மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. சொந்தமாக ஒரு ஸ்கூட்டர்கூடக் கிடையாது. திரும்பி வந்ததும், எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் எட்டிப் பார்த்துவிடுவாரோ என்று, கொட்டகைக்குள் நுழைந்த கையோடு அணைத்துவிடுவேன். கொதிக்கிற பானெட்மேல் உறையை இழுத்துப் போர்த்துவேன். சீட்டு கண்ணெதிரில்தான் இருந்தது. ஆறு நாளும் படித்தேன்.

அத்தான் வந்து வண்டியைக் கிளப்பினார். தெரு முழுக்க எண்ணெய் எரியும் நீலப் புகை. நேராகப் பட்டறைக்குப் போனார், நானும் கூடவே.

"மட்டமான எண்ணெயை ஊத்திட்டு, நல்லதை வித்துத் தின்னுட்டியா? திருட்டுப் பயலே!" என்று எண்ணெய் மாற்றிய மெக்கானிக்மேல் பாய்ந்தார்.

மெக்கானிக்கின் கையில் ஒரு துணி இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. "சார், என் கையால ஊத்தினேன். நடுவுல யாராச்சும் வண்டிய எடுத்து ஓட்டினாங்களா?"

அத்தான் என்னைப் பார்த்தார். சந்தேகத்தோடு இல்லை; சாட்சிக்காக.

"வண்டி நகரவே இல்ல" என்றேன்.

அன்றைக்கே பட்டறை முதலாளி அவரை அனுப்பிவிட்டார். ஊரில் வேறெந்தப் பட்டறையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு சரி.

4

இப்போது அந்த மெக்கானிக் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்குப் பின்னால், ஆள் திரும்ப இடமில்லாத அறையில், தண்ணீர் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறார். தேடிக்கொண்டு போனேன். பாவத்தைக் கழுவப் போனேன் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். உண்மை என்னவென்றால், அந்தப் பழைய இன்ஜினைத் தெரிந்த ஆள் ஊரில் வேறு யாருமில்லை.

என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. எந்த வண்டி என்றதும் சுற்றிக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வரேன்" என்றார்.

[அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் பேனா அவரை நல்லவராக்கிக்கொண்டே போகிறது. எனக்கு என் பேனாமேல் சந்தேகம். இவர் தங்கமான மனிதர் என்று எழுதிவிட்டால் கடைசியில் மன்னித்துவிடுவார் அல்லவா, அந்த நப்பாசைதான். ஆகவே சொல்லிவிடுகிறேன்: அவர் முன்கோபி. ஸ்பேனர் நழுவினால் அதைத் தோட்டத்தில் எறிவார், பிறகு என்னைத் தேடச் சொல்வார். பெருமையடிப்பார். என்னிடம் இருந்த ஒரே நல்ல டார்ச்சை உடைத்துவிட்டு, அது உடைந்தேதான் இருந்தது என்று சாதித்தார்.]

ஒன்பது ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. பிளக்குகளைக் கழற்றி ஓட்டைகளில் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறப் போட்டார். மறு வாரம் நீளமான ஸ்பேனரை மாட்டி, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தோம். 'டக்' என்று இன்ஜின் கால் சுற்று நகர்ந்தது. அவர் என் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார். சந்தோஷத்தில்தான். எனக்கு அது வேறு மாதிரி வலித்தது.

5

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை டர்போவைப் பிரித்தார். தண்டு சுற்றவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நகத்தால் சுரண்டி, கருப்பாக வந்ததை விரலில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"பாத்தீங்களா? மட்டமான எண்ணெய்னா தேய்ஞ்சிருக்கும். இது வெந்து கரியாயிருக்கு. அடிச்சு ஓட்டிட்டு உடனே அணைச்சிருக்காங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல."

நான் சரி என்றோ இல்லை என்றோ ஏதோ ஓர் ஒலி எழுப்பினேன்.

"உங்க அத்தானுக்கு இந்த ரெண்டு நிமிஷ விஷயமே தெரிஞ்சிருக்காது சார். மாசக்கணக்கா அப்படி ஓட்டியிருக்காரு. அவரு பண்ணிட்டு என் தலையில போட்டுட்டாரு."

சட்டைப் பையிலிருந்து பர்சுக்கு மாறியிருந்த அந்தச் சீட்டை அப்போதாவது எடுத்துக் காட்டியிருக்கலாம். அத்தான் குற்றமற்றவர் என்பதற்கு ஒரே சான்று அது.

அவர் தண்டைத் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகப் போட்டார். "அன்னைக்கு அங்க பத்துப் பேரு இருந்தாங்க. ஆளாளுக்குத் திட்டினாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்தை திட்டல. தெரிஞ்சதைச் சொல்லிட்டு ஓரமா நின்னீங்க. அதனாலதான் கூப்பிட்டதும் வந்தேன்."

"டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன்.

[இந்த வரியை மாற்றி எழுதலாம் என்று பல தடவை பார்த்தேன். 'அவர் கையைப் பிடித்துக்கொண்டு குமுறி அழுதேன்' என்று ஒரு வரைவில் இருக்கிறது. இல்லை. டீதான் கேட்டேன். சர்க்கரை எவ்வளவு என்றும் கேட்டேன்.]

6

வேறொரு வண்டியிலிருந்து எடுத்த டர்போவை மாட்டினார். "ஓடினதும் உங்க அத்தானைக் கூப்பிடுங்க. இந்தத் தண்டை அவரு கையில குடுத்துட்டுப் போறேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார். அன்று மாலையே வண்டி ஓடியது; கூப்பிட்டேன். அத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். அந்த வாரம் முழுக்க நான் முடிவுகள் எழுதினேன்.

(அ) மெக்கானிக்குக்கு எப்போதோ தெரியும். நானே சொல்லட்டும் என்று காத்திருந்தார். சொல்கிறேன். சிரிக்கிறார்.

(ஆ) அத்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறார். இருவரும் வண்டியில் ஒரு சுற்றுப் போகிறார்கள். நான் வாசலில் நின்று கையசைக்கி—

(இ) வண்டி கிளம்பவே இல்லை. ஆகவே அத்தான் வரவில்லை. ஆகவே ஒன்றும் சொல்லத் தேவையில்லை. [இதைத்தான் அதிக அக்கறையோடு எழுதியிருக்கிறேன்.]

மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் நான் தப்பித்துவிடுகிறேன். வெட்கமாக இருந்தது. முடிவை வாசகரான உங்களிடம் விட்டுவிடலாம், அது நாகரிகம்கூட என்று நினைத்தேன். அதுவும் அதே பழைய வேலை. மெக்கானிக் தலை, காவலாளி தலை, அத்தான் தலை, இப்போது உங்கள் தலை.

7

ஞாயிற்றுக்கிழமை. வண்டி முதல் திருப்பிலேயே இருமியது, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. வாசல் அதிர்ந்தது. அத்தான் பானெட் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்; தலை நரைத்திருந்தது. மெக்கானிக் பிளாஸ்டிக் பையை எடுத்து அவரை நோக்கி நீட்டினார்; வாங்க அத்தானும் கை நீட்டினார். மெக்கானிக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"நான்தான் ஓட்டினேன்" என்றேன்.

இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அத்தான் புருவத்தைத் தூக்கி, "என்னடா?" என்றார். மெக்கானிக் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். தெருவே அமைதியாகிவிட்டது. மாடியில் என் மனைவி துணி உதறுவதை நிறுத்தினாள்.

"என்ன சார் சொன்னீங்க?"

உங்களிடம் ஆறு பகுதி எழுதிவிட்டேன். காகிதத்தில் சொல்வதும் அந்த இன்ஜின் சத்தத்துக்குள் சொல்வதும் ஒன்றுதான் என்று அப்போது தெரிந்தது. இரண்டாவது முறை சத்தமாகச் சொன்னேன். எத்தனை நாள், எப்படி அணைத்தேன், பட்டறையில் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அத்தான் பையை வாங்க நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். மெக்கானிக் பையைப் பானெட்மேல் வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். அவர் பேசியதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.