அமாவாசை பன்னிரண்டரை வரை

ஷோபனாவின் பாட்டுக்கு இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தபோது, அந்தப் பாட்டு குடியிருந்த வீட்டையே யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

வீடு என்றால் கல்லும் மண்ணும் அல்ல. ‘சுதி’ என்று ஒரு மென்பொருள். வீட்டில் உட்கார்ந்தபடியே பாட்டைப் பதிவு செய்து, குரலுக்குப் பக்கத்தில் குரலை அடுக்கி வைக்கலாம். அம்பத்தூரில் பத்துப் பேர் சேர்ந்து செய்தது. ஷோபனா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் முனகாமல் ஓடியது அது ஒன்றுதான். வேறு எதை ஏற்றினாலும் அந்த லேப்டாப் நடுரோட்டில் படுத்த எருமை போல அசைய மறுத்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. சுதி ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தோடு இணைகிறதாம். மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்கிறார்களாம். பதினான்காம் தேதி இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு சுதி திறக்காதாம்.

அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அமாவாசை பதினைந்தாம் தேதி.

வீட்டுக்குப் பின்னால் சேட்டு என்பவரின் விசைத்தறிக் கொட்டகை. எட்டுத் தறிகள், இரவும் பகலும் இரண்டு ஷிப்ட். அந்தச் சத்தம் சுவர் வழியாக வந்து மைக்கில் உட்கார்ந்துகொள்ளும். மாதத்தில் ஒரே நாள், அமாவாசை அன்று, தறிகளுக்கு ஓய்வு. ஷோபனா பாடுவதும் அன்றுதான். ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம் என்றால், அங்கே ஓட்டுகிறவர்களுக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

பாட்டின் முதல் சரணத்தைப் பாடியவள் சௌமியா. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கல்யாணத்துக்கு முந்தைய அமாவாசையில் இந்த அறையில் நின்று பாடிவிட்டு மஸ்கட்டுக்குப் போனாள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்றுவிட்டதால் வளைகாப்பு அங்கேயே. அன்றைக்கு இந்தப் பாட்டு அங்கே ஒலிக்க வேண்டும் என்பது இருவருக்குள்ளும் பேச்சு.

பத்து அமாவாசைகள் வந்து போயின. ஒரு மாதம் சளி, ஒரு மாதம் விருந்தாளி, ஒரு மாதம் கரண்ட் இல்லை. உண்மையான காரணத்தை ஷோபனா யாரிடமும் சொன்னதில்லை. சுதியைத் திறந்தால், பாட்டு தொடங்கும் முன் பதிவில் சௌமியா மெதுவாக மூச்சிழுத்து, “ம், போடுடி” என்பாள். பாட்டு முடியாதவரை அவள் இந்த அறையிலேயே நின்றுகொண்டிருப்பதாக ஒரு எண்ணம்.

“போன்ல பாடி அனுப்பிடேன்,” என்றான் கணவன் குணசேகரன்.

“அவ குரலும் என் குரலும் ஒண்ணா இருக்கணும் பாவா. அவ தனியா நான் தனியா அனுப்பறதுக்கு எதுக்குப் பாட்டு?”

உதவி எண்ணுக்குப் போன் செய்தாள்.

“வணக்கங்க, சுதியிலேர்ந்து விஷ்ணு பேசறேன்.”

“ஒரே ஒரு நாள் சேத்துக் குடுக்க முடியுமாங்க? ஒரு பாட்டு பாதியில நின்னுகினு இருக்குது.”

“சாவியெல்லாம் அவங்க கைக்குப் போயிடுச்சிங்க. எங்களுக்கே பதினஞ்சோட சரி. பதினாலுக்குள்ள முடிச்சிடுங்களேன்.”

“பதினஞ்சுதாங்க அமாவாசை. அன்னைக்குத்தான் தறி நிக்கும்.”

தறி என்றதும் விஷ்ணுவின் குரல் நிமிர்ந்தது.

“நீங்க எந்த ஊருங்க?”

“திருத்தணி.”

“அதானே பாத்தேன். நான் மணவூருங்க. எங்க அத்தைய பொதட்டூர்பேட்டையில தறிக்காரங்க வீட்லதான் குடுத்துருக்குது. அமாவாசைக்குத்தான் அவங்க வீட்ல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்கும்.”

மறுநாள் அவனே கூப்பிட்டான்.

“பன்னண்டு மணின்னு போட்டாங்களே, எந்த ஊரு பன்னண்டுன்னு போட்டாங்களா? அவங்க இருக்கறது அமெரிக்காவுல, மேற்குக் கரையில. அங்க பதினாலு ராத்திரி பன்னண்டு அடிக்கறப்ப, இங்க பதினஞ்சு மத்தியானம் பன்னண்டரை.”

“நெசமாவா?”

“கணக்குப்படி நெசங்க. முன்னாடியே மூடிட்டாங்கன்னா என்னைத் திட்டாதீங்க.”

அமாவாசை விடிந்தது. தறிகள் நின்றிருந்தன. மலைக்கு ஏறும் பஸ்ஸின் ஹாரன்கூட எங்கோ தொலைவில் கேட்டது. ஷோபனா பயந்துகொண்டே சுதியைத் திறந்தாள். திறந்தது.

அறையின் மூன்று பக்கமும் குணசேகரனின் லுங்கிக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. குரலை எதிரொலிக்க விடாமல் அவைதான் வாங்கிக்கொள்ளும். வாசலில் டெம்போ வந்து நின்றது.

“நாப்பது கட்டு பள்ளிப்பட்டுக்குப் போவணும் ஷோபா.”

“பன்னண்டரைக்கு மேல எடுத்துகினு போ பாவா.”

“கடைக்காரரு கேட்டா என்னான்னு சொல்றது? லுங்கிங்க பாட்டு கேட்டுகினு இருக்குதுன்னா?”

“ஆங். அப்பிடியே சொல்லு.”

அவன் டெம்போக்காரரை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனான். அடுத்தது மாமியார் ஜெயம்மாள்.

“காக்காய்க்குச் சோறு வெக்கணுமேம்மா. கா கான்னு கூப்பிடாம எப்பிடி வரும்?”

“பன்னண்டரை வரைக்கும் கூப்பிடாத அத்தை.”

“எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க மாமனார்தான் பசி தாங்க மாட்டாரு,” என்று சொல்லிவிட்டு, சோற்றை மூடிவைத்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் தடவை பக்கத்து வீட்டுக் குக்கர் கூவியது. இரண்டாம் தடவை தெருவில் ஒரு பைக். மூன்றாம் தடவை கெடுத்தது அவள் தொண்டையேதான். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. ஹெட்போனில் சௌமியா மறுபடி மூச்சிழுத்தாள். “ம், போடுடி.”

“இரு, வரேன்,” என்று ஷோபனா வாய்விட்டே சொன்னாள். பிறகு பாடினாள்.

இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை. சௌமியா விட்ட இடத்தில் எடுத்து, மேலே ஏறி, கடைசி அடியின் கடைசிச் சொல்லை நீட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கம்பியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்த நேரத்தில் அதற்கு மாடியில் சோறு காத்திருக்கும். இன்று கூப்பிடுவார் யாரும் இல்லாததால் கேட்டுப் போக இறங்கி வந்திருந்தது. கா, கா என்று இரண்டு முறை கேட்டது. ஷோபனா நிறுத்தவில்லை. நீட்டிய சொல்லை முழுதாக முடித்துவிட்டுத்தான் கண் திறந்தாள்.

பன்னிரண்டு பதினான்கு. இன்னொரு தடவை பாடலாம். ஆனால் பாட்டை ஒரே கோப்பாக்கி வெளியே எடுக்க அந்த லேப்டாப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடமாவது வேண்டும். அவள் காகத்தைப் பார்த்தாள். காகம் அவளைப் பார்த்தது. வெளியே எடுக்கும் பொத்தானை அழுத்தினாள்.

பச்சைக்கோடு நகர்ந்து முடிந்தபோது பன்னிரண்டு இருபத்தேழு. பன்னிரண்டு முப்பதுக்குச் சுதி தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்து பார்த்தாள். நன்றி என்ற ஒரு சொல் மட்டும் வந்தது.

போன் அடித்தது.

“ஆச்சாங்க?” என்றான் விஷ்ணு.

“ஆச்சிங்க.”

“எனக்கும் ஆச்சி. அடையாள அட்டையக் குடுத்துட்டு வெளிய நின்னுகினு இருக்கறேன். ரெண்டு வருசமா பாட்டு நின்னுபோச்சின்னுதாங்க போன் பண்ற எல்லாரும் சொல்லுவாங்க. முடிஞ்சிடுச்சின்னு கேக்கறது இதான் மொத தடவ. முடிஞ்சா எனக்கும் ஒருவாட்டி அனுப்புங்க.”

மாடியில் ஜெயம்மாளின் குரல் உரக்கக் கேட்டது: “கா... கா... வந்துட்டாரு பாரு. சொன்னேன் இல்ல, பசி தாங்க மாட்டாருன்னு.”

பாட்டை அனுப்பிய ஒரு மணி நேரத்தில் சௌமியாவின் குரல்செய்தி வந்தது. முதலில் வெறும் மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம், “ஏய், கடைசியில கூடப் பாடறது யாருடி?”

“எங்க மாமனாரு,” என்று ஷோபனா சொல்லி அனுப்பினாள். “வெட்டி எடுத்துடலாம்னா சுதிய மூடிட்டாங்க.”

“எடுக்காத. இங்கயும் காக்கா இருக்குதுடி. சோறு வெச்சிக் கூப்பிடத்தான் ஆளில்ல.”

ஷோபனா அதை மூன்று முறை கேட்டாள். அதற்குள் குணசேகரன் கட்டுகளை எல்லாம் டெம்போவில் ஏற்றியிருந்தான். வாசலிலிருந்து, “கிளம்பட்டா ஷோபா?” என்று கேட்டான்.

“ஆங்,” என்றாள்.

லுங்கிகள் போய்விட்ட வெற்று அறை, அவளோடு சேர்ந்து இன்னொரு முறை ஆங் என்றது.