எடுத்துக்கொண்டு போகும் வரை

காலை ஏழே காலுக்கு ஸ்ரீரங்கன் கூடத்துக்கு வந்து முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு போனார். அது கிடந்த இடத்தில் மேஜைமேல் மெல்லிய ஈரக்கோடு ஒன்று மிச்சமிருந்தது. ஜானு தலையைத் தூக்கவில்லை. அவள் படம் போடும் போர்டில் முருங்கைக்காய் முடிந்திருந்தது. இப்போது கத்தரிக்காய்.

"கத்தரிக்காய்க்கு எவ்வளவு நேரம்னா?"

"பன்னெண்டு நிமிஷம்."

"ஒண்ணை மட்டும் விடுங்கோளேன். காம்பு இன்னும் போடலை."

"இருக்கறதே மூணு. ஒண்ணை விட்டுட்டு ரெண்டை வதக்கினா அது கறமது இல்லை ஜானு, பிரசாதம்."

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவர். டிரங்க் கால் பேசுகிறவர்களை மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை எச்சரித்தே பழகியவர். ஓய்வுபெற்ற மறு திங்கட்கிழமை சமையலறைக்குள் நுழைந்து, இனி இது என் செக்‌ஷன் என்றார். ஜானு மறுக்கவில்லை. இருபத்து நாலு வருஷம் சமைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடியவள். எட்டரைக்குப் படியிறங்கினால்தான் மணி அடிப்பதற்குள் ஒன்பதாம் வகுப்புக்குப் பூகோளம் எடுக்கப் போக முடியும். அவர் வந்தபிறகு ஒருநாள்கூட எட்டு முப்பத்தொன்று ஆனதில்லை. பதிலுக்கு அவள் ஒன்றுதான் கேட்டாள். அன்றன்றைக்கு வாங்கிய காய்களைக் காலை ஆறு மணியிலிருந்து கூடத்து மேஜையில் வைத்துப் படம் போட விட வேண்டும். அவர் சம்மதித்தார். அடுப்பு மட்டும் காத்திருக்காது என்றார்.

முதல் மாதம் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள். முதலில் பின்னால் இருக்கும் சுவர், பிறகு மேஜை, பிறகு நிழல், கடைசியில் பொருள். பொருளுக்கு வரும்போது அது குழம்பில் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த மாதத்துப் படங்களில் சுவர் இருக்கிறது, மேஜை இருக்கிறது, நிழல்கூட இருக்கிறது. காய் இல்லை. அம்மாவைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்த மஹதி அவற்றை வரிசையாகப் பார்த்துவிட்டு, "காலி மேஜையே அழகாத்தாம்மா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு ஜானு தலைகீழாக ஆரம்பித்தாள். எது முதலில் அடுப்புக்குப் போகுமோ அது முதலில். முருங்கைக்காய், கத்தரிக்காய், சாத்தமுது என்கிற ரசத்துக்குத் தக்காளி, கடைசியில் கொத்தமல்லி. காய்களுக்குப் பக்கத்தில் வைக்கும் பித்தளைச் செம்பை யாரும் எடுக்கமாட்டார்கள். அதை மாலையில் வந்து போடலாம்.

சனிக்கிழமை வகுப்பு அபிராமபுரத்தில் ஒரு மாடி அறை. உமர் ஃபாரூக்குக்கு முப்பத்தாறு வயது. வாரநாட்களில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் சோப்பும் பிஸ்கட்டும் வரைகிறவர். தன்னைவிட மூத்த மாணவர்களிடம் பேசும்போது கையில் எப்போதும் கந்தல் துணி ஒன்றைப் பிசைந்துகொண்டிருப்பார். ஜானுவின் கத்தரிக்காயை ஒருநாள் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு நெடுநேரம் நின்றார். மற்றவர்களின் எலுமிச்சம்பழங்கள் மெழுகு பூசியதுபோல் இருந்தன. ஜானுவின் கத்தரிக்காயில் ஏழெட்டு இழுப்புகள்தான் இருந்தன. ஆனால் கையில் எடுத்தால் கனக்கும்போலிருந்தது.

"எப்படி மேடம் இவ்ளோ கம்மியா வெச்சு நிறுத்தினீங்க?"

"நான் எங்க நிறுத்தினேன். அவர் எடுத்துண்டு போயிட்டார்."

ஃபாரூக் சிரித்தார். ஆனால் ஆற்றங்கரை விஷயத்தில் அவர் சிரிக்கவில்லை. பிப்ரவரியில் ஆழ்வார்பேட்டையில் ஒரு சிறிய ஹாலை வகுப்பின் கண்காட்சிக்காக எடுத்திருந்தார். ஆளுக்கு இரண்டு படம். ஒன்று மேஜைமேல் வைத்துப் போட்டது, மற்றது வெளியே போய், நின்ற இடத்திலேயே ஒரே மூச்சில் போட்டது. போட்டோவைப் பார்த்துப் போட்டது கூடாது. ஜோடியாக இல்லையென்றால் பெயர் இல்லை. எண்ணெய் வர்ணம் காய மூன்று வாரம் வேண்டும். ஆகவே ஜனவரி கடைசி ஞாயிறுக்குள் படம் முடிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் கொடுத்துவிட்டார்கள்.

ஜானு நாலு ஞாயிறு அடையாற்றுக்குப் போய்வந்தாள். நாலும் வீண். வெளியே யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை என்பது முதல் ஞாயிறு அவளுக்குப் பெரிய சுகமாக இருந்தது. வானத்துக்கே ஒரு மணி நேரம் கொடுத்தாள். பச்சையில் ஐந்து விதம் குழைத்து வைத்துக்கொண்டாள். நிமிர்ந்தால் வெயில் வேறு இடத்தில் இருந்தது. தண்ணீரை மாற்றினாள். தண்ணீரை மாற்றினால் மரத்தை மாற்ற வேண்டியிருந்தது. மரத்தை மாற்றி முடித்தபோது மணி பத்து. படத்தில் ஓடியது ஆறு இல்லை, பாத்திரம் தேய்த்த தண்ணீர். கோதாவரியை உபநதிகளோடு கரும்பலகையில் அரை நிமிஷத்தில் இழுத்துவிடுகிறவளுக்குப் பாலத்தடியில் கிடக்கும் அடையாறு வரவில்லை.

நாலாவது படத்தைப் பார்த்துவிட்டு ஃபாரூக் துணியைப் பிசைந்தார். "நீங்க அடுத்த வருஷம் சேர்ந்துக்கங்க மேடம். டேபிள் உங்களுக்கு நல்லா வருது. ஆறு வரலை. அவ்ளோதான்."

அவர் தன்மையாகத்தான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது ஜானுவுக்கு ஆறு வரலை என்பது உறுத்தவில்லை. அடுத்த வருஷம் என்பது உறுத்தியது. அந்த வார்த்தை அவளுடையது. கல்யாணமான வருஷம் ஒரு வர்ணப்பெட்டி வாங்கி, அடுத்த வருஷம் என்று பரணில் ஏற்றினாள். மஹதி பிறந்தபோதும், மஹதி பத்தாவது எழுதியபோதும், மாமனார் படுக்கையில் விழுந்தபோதும் அதையே சொன்னாள். நாற்பத்தொன்பது வயதில் பெட்டியை இறக்கியபோது ட்யூப்கள் கல்லாகியிருந்தன. இன்னொரு தடவை அவளால் அதைச் சொல்ல முடியாது.

கடைசி ஞாயிறு ஸ்ரீரங்கன் தானும் வருகிறேன் என்றார்.

"வாங்கோ. ஆனா மணி பாக்கப்படாது. அங்கயாவது நான் நிதானமாப் போடறேன்."

அவர் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிளாஸ்கில் காபியை நிரப்பிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். ஜானு பின்னால் உட்கார்ந்து போர்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். மந்தைவெளியில் பால்காரர்களைத் தவிர யாரும் இல்லை. பாலத்துக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் மண்பாதை ஒன்று இறங்கும். அதன் முடிவில் ஏழெட்டு வீடுகள், ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும். அதற்கப்பால் ஆறு. எதிர்க்கரையில் பெரிய தோட்டத்து மரங்கள் இன்னும் கறுப்பாக நின்றன. ஜானு வழக்கமான இடத்தில் ஸ்டாண்டை ஊன்றினாள். ஸ்ரீரங்கன் கல் ஒன்றைத் தேடி உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண் கையில் ஈரப் புடவையோடு வெளியே வந்தாள். நாலு வாரமாக அவள்தான் கரையிலிருந்து ஜானுவைக் கவனித்துக்கொண்டிருந்தவள். பெயர் செண்பகம் என்று அடுத்த வீட்டிலிருந்து கூப்பிடும்போது ஜானு கேட்டிருக்கிறாள்.

"இன்னா டீச்சர், இன்னிக்கும் வந்துட்டியா? நாலு தபா பாத்த தண்ணிதானே. இன்னும் மனப்பாடம் ஆவலியா?"

"ஆகலை."

"இது யாரு, வாத்தியாரா?"

"ஆத்துக்காரர்."

"நல்லா பாத்துக்கோ சார். தண்ணியவே பாத்துக்கினு இருந்து ஒருநாளு உள்ள எறங்கிடப் போவுது."

ஸ்ரீரங்கன் பேப்பருக்குப் பின்னால் சிரித்தது காகிதம் குலுங்கியதில் தெரிந்தது. ஜானு வானத்தில் ஆரம்பித்தாள். வெள்ளை, துளி நீலம், துளிக்கும் குறைவாக மஞ்சள். முன்போலவே வானம் அவளுக்கு இடம் கொடுத்துக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். தூரிகையைத் துடைக்க நிமிர்ந்தபோது செண்பகம் புடவையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போயிருந்தாள். முழு ஆரஞ்சு, கிளிப்பச்சைக் கரை. அதன் பின்னால் கறுத்த மரங்கள். சாம்பலாகக் கிடந்த தண்ணீரில் அந்த நிறத்தின் ஒரு கீற்று விழுந்து நெளிந்தது. ஒரு புடவையால் ஆறு முழுவதும் வேறாகிவிட்டிருந்தது.

"செண்பகம்!"

அவள் தோளில் துண்டோடு எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் புடவை அங்கேயே இருக்குமா?"

"எப்படி இருக்கும்? சைதாப்பேட்டைல எங்க தங்கச்சி பொண்ணுக்கு வளைகாப்பு. ஓரத்துல ஈரம் கீதுன்னு போட்டுக்கீறேன். ஏழு மணிக்கு எடுத்துடுவேன்."

"ஏன்னா, மணி என்ன?"

ஸ்ரீரங்கன் பேப்பரைத் தாழ்த்தினார். "பாக்கப்படாதுன்னியே."

"பாருங்கோ!"

அவர் பையிலிருந்து வாட்சை எடுத்தார். "ஆறு முப்பத்தெட்டு."

ஜானு வர்ணக் கத்தியை எடுத்து வானத்தை வழித்து எறிந்தாள். அரை மணி நேரத்து வானம் கந்தல் துணிக்குப் போனது. அவள் தோள்கள் இறங்கின. நாலு ஞாயிறும் எது இல்லையென்று தெரியாமல் தவித்தாளோ அது வந்து சேர்ந்துவிட்டது. இருபத்திரண்டு நிமிஷம். ஒரு முருங்கைக்காய்க்கும் இரண்டு கத்தரிக்காய்க்கும் அது போதும்.

"செண்பகம், வேற எதையெல்லாம் எடுப்பே?"

"இன்னாது?"

"இங்க இருக்கறதுல. எதெது உள்ள போகும்? முதல்ல எது?"

செண்பகம் ஸ்ரீரங்கனைப் பார்த்தாள். இந்தம்மா நிதானமாகத்தான் இருக்கிறதா என்று கேட்பதுபோல. அவர் தீவிரமாகத் தலையாட்டினார். "சொல்லும்மா. வரிசையாச் சொல்லணும்."

"மொதல்ல அந்தக் கொடம். தண்ணி மொண்டாந்தாத்தான் நான் குளிக்கணும். அப்பால பொடவ. கட்டில எங்க வூட்டுக்காரு எழுந்தா சாத்தி வெப்பாரு, அது எந்திரிக்க எட்டாவும். கோழி அது இஷ்டம்."

"குடம் எப்போ?"

"தோ, இப்ப."

"அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிசம்னா அஞ்சுதான்" என்று செண்பகம் வாசலில் குந்தினாள்.

குடம். மூன்று இழுப்பு, விளிம்பில் ஒரு வெளிச்சம். ஸ்ரீரங்கன் எழுந்துவந்து அவள் பின்னால் நின்றுகொண்டார். "ஆறு நாப்பத்து நாலு" என்றார். குடம் போனது. கொடியில் புடவை. ஆரஞ்சை அவள் குழைக்கவே இல்லை. ட்யூபிலிருந்து நேரே எடுத்து, கீழே போகப் போகச் சிவப்பைத் தொட்டுக்கொண்டு இழுத்தாள். கரைக்குக் கத்தியின் விளிம்பு. கோழி குறுக்கே வந்தது. அதற்கு இரண்டு புள்ளி. "ஆறு அம்பது." தண்ணீரில் ஆரஞ்சுக் கீற்று. அதுவும் புடவையோடு போய்விடும், ஆகவே அதுவும் இப்போதே. எதிர்க்கரைக் கறுப்பை அகலத் தூரிகையால் ஒரே மூச்சில் சாத்தினாள். மரத்தின் உச்சிகளில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வெயிலையும் யாரோ எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள் என்று தோன்றியது. அவள் உச்சிகளைப் பிடித்தாள். தனக்குத் தெரியாமல் முனகிக்கொண்டிருந்தாள். சுருதியே இல்லாத ஏதோ ஒன்று. ஸ்ரீரங்கன் வகையறா முழுவதும் பாடுகிறவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து பாடி அவர் கேட்டதில்லை. அவர் மணி சொல்வதை மறந்து நின்றார்.

"ஏன்னா, மணி?"

"ஆறு... ஆறு அம்பத்தெட்டு."

செண்பகம் வந்து புடவையை உருவிக்கொண்டு போனாள். வெறும் கொடி ஆடியது. ஜானு அதைப் பார்க்கவில்லை. இனி எதுவும் போகாது. கட்டில், மண்பாதை, கடைசியில் வானம். வானத்துக்கு ஏழு நிமிஷம் கொடுத்தாள். அது அதற்குமேல் கேட்கவும் இல்லை. தூரிகையை எடுத்தாள். இன்னொரு இழுப்புக்குக் கை போனது. போன கையைத் தானே மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முதல்முறையாக யாரும் எதையும் பிடுங்காமல் அவளே நிறுத்தியிருந்தாள்.

ஸ்ரீரங்கன் பிளாஸ்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தார். படத்தையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பாலத்தின்மேல் பஸ் ஒன்று கூட்டமாகப் போனது. ஜானு காபியைக் குடித்தாள். அவள் கைவிரல்களெல்லாம் ஆரஞ்சு. மூடியின் விளிம்பிலும் ஒட்டியிருந்தது.

"ஃபாரூக் எடுத்துப்பாரா?" என்றார் கொஞ்சம் கழித்து.

"எடுத்துக்கட்டும். எடுத்துக்காம போகட்டும். ஆறு வந்துடுத்துன்னா."

வீட்டுக்குள்ளிருந்து செண்பகம் இறங்கி வந்தாள். தலை நிறையக் கனகாம்பரம், நெற்றியில் பெரிய பொட்டு, விறைப்பாக நிற்கும் ஆரஞ்சுப் புடவை. கரையோரம் இன்னும் நனைந்திருந்ததோ என்னவோ, கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. வளையல் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றாள். முதலில் தன் வீட்டைக் கண்டுபிடித்தாள். பிறகு குடம். கோழியைக் காட்டி, "இது பக்கத்து வூட்டுது" என்றாள். பிறகு கொடிக்கு வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். குனிந்து தன் மேலே பார்த்தாள். முந்தானையை இழுத்துப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். வாய் மெல்ல விரிந்தது.

"டீச்சர், அது இன்னும் அங்க காஞ்சிக்கினு கீதுன்னா, நான் இன்னாத்த கட்டிக்கினு கீறேன்?"