மைக்கை அணைக்காத மாசானம்

நாட்டைக் காக்கப் பிறந்த ஆண்மகன் ஆட்டத்தின் நடுவில் மைக்கை அணைக்க மாட்டான் என்று மாசானம் அறிவித்தபோது, அவன் கையில் பாதி வடாபாவ் இருந்தது. மீதிப் பாதி என் கையில் இருந்ததால் நான் சிரிக்கவில்லை.

மொபைலில் துப்பாக்கி விளையாட்டு. அதில் அவன் பெயர் ருத்ர சிங். 'சிங்கப் படை' என்ற குழுவின் துணைத் தளபதி. பேச்செல்லாம் இந்தி. அவன் தமிழன் என்றோ, தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் இருக்கிறான் என்றோ அங்கே யாருக்கும் தெரியாது. மாட்டுங்காவில் சொந்த ஜிம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். தினமும் முதலில் கோஷம் போடுவார்கள். பிறகு யாரையெல்லாம் நாட்டைவிட்டு அனுப்பலாம் என்று பேசுவார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டம்.

பக்கத்துச் சந்து வாசிமைப் படையில் சேர்த்ததும் இவன்தான், போன வாரம் நீக்கியதும் இவன்தான்.

"வாசிம்ங்கிற பேருக்காக இல்லல," என்றான் என்னிடம். "அவன் அம்மா கூப்பிட்டா உடனே மைக்க அணைச்சுடுதான். அம்மாவுக்குப் பயப்படுதவன் எல்லையில நிப்பானா?"

"நீ செம்பூரத் தாண்டியே நின்னதில்லியேல."

"சும்மா கெட."

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டத்தில் ஜெயித்தால் மாசானம்தான் அடுத்த தளபதி என்று, இப்போதைய தளபதி உல்லாஸ்நகர் சாஹில் வாக்குக் கொடுத்திருந்தான். ராசி போய்விடும் என்று மாசானம் மூன்று நாளாக ஒரே பனியனில் இருந்தான். நான் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்துகொண்டேன்.

பாதி ஆட்டத்தில் சாஹிலின் இந்தி ஸ்பீக்கரில் கேட்டது. "வாசிமைத் துரத்தியாச்சு. அடுத்தது இந்த மதராசிகள். லுங்கியோட ரயில் ஏத்தி விடணும். என்ன ருத்ர பாய்?"

மாசானம் அவிழ்ந்த லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பில்குல், கண்டிப்பா," என்றான்.

வாசலிலிருந்து அவன் அம்மா முப்பிடாதியம்மாள் குரல் கொடுத்தாள். "ஏலே மாசானம், பைப்புல தண்ணி வந்துட்டு. குடத்தத் தூக்கிட்டு வா."

படை சுடுவதை நிறுத்தியது.

"யாரது, ருத்ர பாய்? என்ன பாஷை?"

"டிவி," என்றான். "பக்கத்து வீட்டு டிவி."

"டிவியா?" அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். "எந்த டிவில? பக்கத்து வீட்டுல ஆளே இல்லியே."

"ருத்ர பாய்?" என்றது போன்.

மாசானத்தின் கட்டைவிரல் திரையின் ஓரத்துக்கு மெல்ல நகர்ந்தது. மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. விழுந்துவிட்டதா என்று இரண்டு முறை பார்த்தான். போனுக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ருத்ர சிங் திறந்த வெளியில் அசையாமல் நின்று குண்டு வாங்கினான்.

"இந்தா வாறேம்மா," என்றான் மாசானம். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.